பேயோ, பொறியோ?

ஒரே நூலை வாசித்து முடித்த இருவர் எதிரெதிர் முடிவுகளுக்கு வரும்போது, அவருள் ஒருவரேனும் தவறு செய்தவர் ஆவாரா? சுவை வேறு, அறம் வேறு; பாகற்காய் ஒருவருக்குப் பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது; நூலும் அவ்வாறே என்று சொல்லி இவ்வினாவைக் கடந்துவிடுவோர் பலர். நமக்கு அவ்வாறு கடந்துவிட மனம் வரவில்லை. வாசிப்பும் ஒரு செயலே. செயல் எனில் அதற்குப் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க ஒரு மர்ம நாவலைக் கொழுகொம்பாக எடுத்துக்கொள்கிறோம். திருச்சபை இதழில் மர்ம நாவலா என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள்க.

மேலை நாட்டில் 'ஸ்டீம்பங்க்' என்றொரு கதைவகை உண்டு. 1987ஆம் ஆண்டில் கே.டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் பாதி விளையாட்டாக இட்ட பெயர் அது. நீராவிப் பொறியும் பற்சக்கரமும் வான்கப்பலும் கோலோச்சிய ஓர் உலகைக் கற்பனை செய்து, அதற்குள் மாயத்தையும் மர்மத்தையும் உலவவிடுவது அவ்வகையின் இலக்கணம். தமிழில் அது வேர்விடவில்லை. நீராவி எஞ்சின் நமக்குக் கனவாக வரவில்லை. அயலாரின் ஆட்சியோடு வந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தப் புகையின்மீது நமக்கு ஏக்கம் பிறக்கவில்லை. ஆயினும் பேயையும் பொறியையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தி, எது எதுவென வாசகரைத் திகைக்கவைத்த நாவல் ஒன்று நம்மிடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் தொடராக வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அது.

லீனா என்னும் இளம்பெண்ணின் சொத்து தொடர்பாகக் கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவர் செல்கின்றனர். அங்கே ஓர் உருவம் தோன்றுகிறது, கொலையும் நேர்கிறது. வசந்தின் மனம் அமானுடத்தின் பக்கம் சாய்கிறது. கணேஷோ எதற்கும் அறிவியல் விளக்கம் ஒன்று உண்டென நிற்கிறான். ஒளியைக் கொண்டு முப்பரிமாண உருவம் சமைக்கும் 'ஹோலோகிராம்' என்னும் நுட்பம் கதைக்குள் வருகிறது. முடிவை இங்கே வெளியிடுவது இன்னும் வாசிக்காதோர்க்கு இழைக்கும் அநீதி. ஒன்று மட்டும் சொல்லலாம்: கதவை முழுவதுமாகச் சாத்தாமல் ஆசிரியர் எழுந்து போய்விடுகிறார்.

அந்த ஆசிரியர் அறிவியலை அறியாதவர் அல்லர். இயேசு சபையார் நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். பொறியை இவ்வளவு அறிந்த ஒருவர் பேய்க்கு ஏன் இடம் விட்டார் என்பதுதான் வாசகரை இரு கூறாக்கிய வினா.

பேயைப் பொறியால் ஆக்குவது புதிதும் அன்று. 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக் அரங்கில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தி, மறைவில் நின்ற நடிகரின் பிம்பத்தை மேடைமேல் ஆவியாக நடமாடவிட்டார். ஹோலோகிராமின் தத்துவத்தை 1947இல் கண்ட டென்னிஸ் கேபர் 1971இல் இயற்பியலுக்கான நொபேல் பரிசு பெற்றார். இடையில், 1960இல், லேசர் வந்த பின்னரே அத்தத்துவம் கண்ணுக்குப் புலனாகும் பொருளாயிற்று. ஆக, நாவல் வந்த நாளில் இது தமிழ் வாசகர் பெரும்பாலார்க்குப் பேயைக் காட்டிலும் புதியதோர் அதிசயம். பேயையாவது பாட்டி சொல்லக் கேட்டிருந்தனர்.

மதுரை கே.கே. நகரில் நம் பங்கைச் சேர்ந்த சிலர் மாதம் ஒருமுறை மாலையில் கூடி, ஒரு நூலை எடுத்துப் பேசுகின்றனர். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பின்னர், நூல் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல எவர்க்கும் வழியில்லாது போயிற்று. அக்கூட்டத்தில் இந்நாவல் எடுக்கப்பட்டபோது எழுந்த கருத்துகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், பதிவுத் தகடும் உரிய ஒளியும் இன்றி வெட்டவெளியில் ஓர் உருவத்தை நினைத்தபடி நடமாடவிட இயலாது எனக் கணக்கோடு நிறுவினார். கல்லூரி மாணவர் இருவர்க்கோ அக்கணக்கு ஒரு பொருட்டே அன்று. நள்ளிரவில் படித்துவிட்டு விளக்கை அணைக்க அஞ்சியதைப் பெருமையாகக் கூறினர். அன்பியத் தலைவி ஒருவர், இத்தகைய நூல் வீட்டில் இருப்பதே நல்லதன்று என்றார். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்த பெரியவர் ஒருவர், எல்லாரையும் அம்மா என்றே அழைக்கப் பழக்கியவர், அன்று ஒன்றும் பேசவில்லை. அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

ஆசிரியரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் தேர்வுத்தாள் திருத்தினார். நாவலை வாசிக்கவில்லை என்று நமக்குத் தோன்றிற்று. மாணவர்கள் வாசித்தனர், வாசித்ததை எண்ணவில்லை. தலைவியின் அச்சத்தை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். எழுத்துக்கு மனத்தைத் திருப்பும் ஆற்றல் உண்டென அவர் நம்புகிறார். அந்த அளவில் எழுத்தை மற்ற எவரினும் மதிப்பவர் அவரே.

மதுரைக்கு இச்சிக்கல் மிகப் பழையது. இறையனார் அகப்பொருள் என்னும் இலக்கண நூலுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கோர் உரை கண்டனர் என்பது அந்நூலுரை தரும் பழங்கதை. எல்லாரும் தம் உரையே மெய்யுரை என்றனர். தீர்ப்புக்கு அவர்கள் நாடியது மற்றொரு பேரறிஞரை அன்று. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவனை. அவனோ பேச இயலாதவன். உரைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் வார்த்தான். நக்கீரனார் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

இக்கதையில் நம்மை ஈர்ப்பது அச்சிறுவனின் ஊமைமை. எது உண்மையெனக் காட்ட அவனால் இயன்றது. தோற்றவரை வசைபாட இயலவில்லை. கண்ணீர் தொட்டதைத்தான் சொல்லும். தொடாதவற்றைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. நம் நாளில் ஒரு நூலைப் பற்றிய தீர்ப்புகளோ பெரும்பாலும் மற்ற வாசகர்மீது வழங்கப்படும் தீர்ப்புகளாகவே உள்ளன. 'இதைப் பிடிக்கும் என்பவன் எப்படிப்பட்டவன்!' என்னும் குரலை நாம் கேட்காத நாளில்லை.

மறைநூலிலேயே 'பேயோ, பொறியோ' என்னும் இதே வழக்கு ஒன்று உண்டு. 1 சாமுவேல் 28ஆம் அதிகாரம். பெலிஸ்தியர் படைகண்டு நடுங்கிய சவுல் அரசன், தானே நாட்டைவிட்டு விலக்கியிருந்த குறிசொல்வோருள் ஒருத்தியை ஏன்தோரில் இரவில் மாறுவேடத்தில் நாடுகிறான். இறந்துபோன சாமுவேலை எழுப்பித் தருமாறு வேண்டுகிறான். எழுந்து வந்தவர் யார்? உண்மையில் சாமுவேலே என்றார் ஓரிகன். அந்தியோக்கியா ஆயர் எவுஸ்தாத்தியு அவரை மறுத்துத் தனி நூலே எழுதினார். அங்கு நடந்தது ஏமாற்று என்பது அவர் வாதம். வந்தது சாமுவேல் அன்று, அலகையே என்றார் நீசா நகர் கிரகோரி. தூய அகுஸ்தீனாரோ, சிம்பிளிசியானுக்கு எழுதிய மறுமொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை எடுத்துவைத்து, அவற்றுள் ஒன்றையே கட்டாயமாக்கவில்லை. ஒரே திருச்சபை, ஒரே மறைநூல், நான்கு வாசிப்புகள். இவர்களுள் எவரும் அவ்வதிகாரத்தைக் கிழித்தெறியச் சொன்னாரில்லை.

இதே அகுஸ்தீனார் 'கிறிஸ்தவப் போதனை' என்னும் தம் நூலில் நம் வினாவை நேரே எதிர்கொள்கிறார். மறைநூலை ஒருவர் ஆசிரியர் கருதாத பொருளில் வாசித்துவிட்டார்; ஆயினும் அவ்வாசிப்பு அன்பை வளர்க்கிறது. அவர் பொய்யரா? அல்லர் என்கிறார் அகுஸ்தீனார். அவர் பாதையை விட்டு வயல் வழியே நடந்து, பாதை சென்று சேரும் ஊரையே சேர்ந்தவர். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. அவரைத் திருத்தத்தான் வேண்டும். ஏனெனில் பாதையை விட்டு நடக்கப் பழகியவர் ஒருநாள் வேறு ஊருக்கும் போய்ச் சேரக்கூடும். ஒத்தக்கடைக்கு வரப்பு வழியே நடந்து பழகிய நம் மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. வரப்பு ஊரைக் காட்டும். இருட்டில் கிணற்றையும் காட்டும்.

அகுஸ்தீனார் பேசியது மறைநூலைப் பற்றி. அதைக் கதைநூலுக்கும் நீட்டுவது நம் துணிபு. கதைநூலுக்குச் சேரவேண்டிய ஊர் என்று ஒன்று உண்டா என்று கேட்போர் கேட்கலாம். உண்டு என்பதே நம் எண்ணம். தன்னையும் பிறனையும் முன்னினும் சற்று மெய்யாகக் காண்பதே அவ்வூர். அங்கே கொண்டுசேர்க்காத வாசிப்பு, கணக்கில் பிழையற்றதாயினும், வழி தவறியதே.

வாசகரின் எதிர்வினை எவ்வளவு கொடிதாக முடியக்கூடும் என்பதற்கு அதே எழுத்தாளர் வாழ்விலேயே சான்றுண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்டு அவர் குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடர், தம்மை இழிவுபடுத்துகிறது என ஒரு சமூகத்தார் எழுப்பிய எதிர்ப்பால் இடையில் நின்றது. பின்னர் வேறு வடிவில் 'ரத்தம் ஒரே நிறம்' ஆக வந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது; நான்கு ஆண்டுகள் கழித்து எழுந்த எதிர்ப்பில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என 2015 ஜனவரியில் அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத நூலைப் படித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் அளவில் இது போதும். இதற்குமேல் சட்டம் பேசுவதும் நல்லதன்று. ஆனால் அறத்தின் அளவில் இது பாதி விடையே. நூலை மூடிவிடலாம். பக்கத்து வீட்டில் அதே நூலைத் திறந்து வைத்திருப்பவரை எப்படி மூடுவது? அவரோடு நாளையும் ஒரே தெருக்குழாயில் நீர் பிடிக்கவேண்டும். ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிடவேண்டும்.

திருச்சபை இதில் கற்றுக்கொண்ட விதம் நெடியது. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1559 முதல் இருந்தது. 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், அது சட்ட வலுவை இழந்தது. பட்டியல் போன பின்னரும் வினா போகவில்லை. ஃபிலிப் புல்மன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் 'நார்தர்ன் லைட்ஸ்' 1995இல் வெளிவந்தது. வான்கப்பல்கள் மிதக்கும் வேறோர் ஆக்ஸ்ஃபோர்டு, உண்மை சொல்லும் ஊசிமுள் கருவி ஒன்று, காணாமற்போகும் குழந்தைகள். நாம் முன்னர்ச் சொன்ன கதைவகையின் சாயல் அனைத்தும் அதில் உண்டு. கதையில் குழந்தைகளைக் கவர்ந்து, அவர்தம் உயிர்த்துணையிலிருந்து அவர்களை அறுத்தெடுக்கும் கொடியோர்க்குப் பின்னே நிற்கும் அமைப்பின் பெயர் 'மஜிஸ்தேரியம்'. நம் திருச்சபையின் போதக அதிகாரத்திற்குரிய அதே சொல். ஆசிரியர் தம் பகையை ஒளிக்கவுமில்லை.

2007 டிசம்பரில் அது திரைப்படமாக வந்தபோது அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று புறக்கணிக்க அழைத்தது. அந்நாட்டு ஆயர் பேரவையின் திரைப்படப் பிரிவோ முதலில் நல்ல மதிப்புரை வெளியிட்டு, பின் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கும் மூன்றாண்டு முன்னரே, ஆங்கிலிக்கத் தலைவர் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் அந்நூல்களைப் பாராட்டி, சமயக் கல்வி வகுப்பில் அவை பேசப்படலாம் என்றார். அவ்வாசிரியரோடு ஒரே மேடையில் அமர்ந்து உரையாடினார். கிறிஸ்துவை ஆண்டவர் என அறிக்கையிடும் மக்களுக்குள்ளேயே இத்தனை பிளவு.

நாம் யார் பக்கம்? புண்பட்டோர்க்குக் காரணம் இல்லையெனச் சொல்லமாட்டோம். தாயை வசைபாடும் நூலைப் பிள்ளை பொறுமையோடு வாசிப்பது அரிது. ஆயினும் 2002 ஜனவரி முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த செய்திகளை, குழந்தைகளுக்கு இழைக்கப்பட்டவற்றையும் அவை மறைக்கப்பட்ட விதத்தையும், அறிந்த பின்னர் அந்நூலை முன்போல வாசிக்க இயலவில்லை. குழந்தைகளைக் காக்கவேண்டிய கை எதுவோ அதுவே அவர்களை அறுக்கும் என்னும் கற்பனையைப் பகைவனின் அவதூறு என்று மட்டும் ஒதுக்குவது நமக்கு இனி இயலாது. கடவுளைப் பற்றி அவர் சொல்வது தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. மனிதரைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பகுதியைச் செய்தித்தாள்கள் மெய்ப்பித்துவிட்டன.

தூய இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் முகப்பில் ஒரு நெறி வைத்துள்ளார். அயலார் கூற்றைக் கண்டிக்க விரைவதைவிட அதற்கு நற்பொருள் காண முனைக; இயலாவிடில் அவர் அதை எப்பொருளில் சொன்னார் எனக் கேட்டறிக; அவர் கொண்ட பொருள் தவறெனின் அன்போடு திருத்துக. இம்மூன்றின் வரிசைதான் முதன்மையானது. நம்மில் பலர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். அன்பையும் அங்கேயே விட்டுவிடுகிறோம். நூலாசிரியரைத் தேடிச்சென்று கேட்பது எல்லார்க்கும் இயலாது. 2008இல் மறைந்த சுஜாதாவை இனி எவரும் கேட்க இயலாது. ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் சக வாசகரைக் கேட்கலாமே. 'நீர் அதில் என்ன கண்டீர்?' என்று கேட்க நூலக உறுப்பினர் அட்டைகூடத் தேவையில்லை.

இனி, பேசாதிருந்த அந்த அம்மாவைப் பற்றி. அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் பேசினார். பேச்சைத் தொடங்கிவைத்தது ஓர் அரசியல் செய்தி. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த மாநாட்டில், 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டுத் திரையில் பேசின. அது சரியா என மாணவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தனர். அம்மா குறுக்கிட்டார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகளால் தந்தையின் அடக்கத்திற்கு வர இயலவில்லை. தந்தை அனுப்பியிருந்த குரல் பதிவுகளைச் சேர்த்து, யாரையோ கொண்டு, அவர் குரலிலேயே சில ஆறுதல் மொழிகளைச் செய்வித்துக்கொண்டார். அதைக் கேட்டு அழுது, அன்றுதான் உறங்கினாராம். தாய்க்கும் அனுப்பிவைத்தார். தாய் அதைக் கேட்கவில்லை. "ஃபாதர், அந்த நாவல்ல பேயா மெஷினான்னு எல்லாரும் சண்டை போட்டாங்க. எனக்கு அது ஒண்ணும் பெருசாப் படல. செத்தவங்க உருவத்தை உயிரோட இருக்கிறவங்க தன் தேவைக்கு நடமாட விடறாங்களே, அதுதான் எனக்குப் பயம். அவரு சொல்லாத சொல்ல அவரு வாயில வைக்க நாம யாரு?" என்றார்.

கூட்டம் அமைதியாயிற்று. கணக்குப் போட்டவரும், அஞ்சி மகிழ்ந்தவரும், வீட்டில் வைக்கலாகாது என்றவரும் காணாத ஒன்றை அவர் அந்நூலில் கண்டிருந்தார். ஆசிரியர் அதைக் கருதி எழுதினாரா? ஐயமே. வரப்பு வழியே வந்தவர் அவர். ஆனால் ஊரின் நடுவில் வந்து நின்றார்.

அப்படியெனில் மகள் செய்தது தவறா என ஒரு மாணவர் நம்மிடம் கேட்டார். சவுலையும் ஏன்தோரையும் எடுத்துக்காட்டி, இறந்தோரை அழைத்துக் குறிகேட்டல் ஆகாது என விடைசொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மகள் குறிகேட்கவில்லை. எதிர்காலம் அறிய முயலவில்லை. பொய்யென அறிந்தே கேட்டார், அழுதார். அதைச் சவுலின் பாவத்தோடு சேர்த்து எண்ண நமக்குத் துணிவில்லை. தாயின் கூச்சமோ மெய்யான ஓர் எல்லையைத் தொடுகிறது. இறந்தவர் தமக்காக வாதாட இயலாதவர். அவர் சொல்லாததைச் சொல்லவைப்பது, திருப்பிக் கேட்க இயலாதவர் பெயரில் கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும். இரண்டையும் சொன்னோம். மாணவர்க்கு அது நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது அம்மாவே ஏன்தோர்க் கதையின் கடைசிப் பகுதியை நினைவூட்டினார். எழுந்து வந்தவர் யார் என்று எல்லாரும் கேட்கின்றனர். அதன்பின் நடந்ததை எவரும் பேசுவதில்லை. சவுல் உண்ணாமல் தரையில் விழுந்து கிடக்கிறான். ஊரார் விலக்கிய அந்தப் பெண் தன் வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, புளியாத அப்பம் சுட்டு, அவனை உண்ணவைத்து அனுப்புகிறாள். மறுநாள் அவன் போரில் இறக்கிறான். மறையுரைகளில் நாமும் அப்பகுதியை விரைந்தே கடந்திருக்கிறோம் போலும், கேட்டவர் பலர்க்கும் அது புதிதாயிருந்தது.

மகள் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊர் வருகிறார். 'கொலையுதிர் கால'த்தைத் தாம் வாசித்துக்கொண்டிருப்பதாகவும், வந்ததும் கூட்டத்தில் கலந்துகொள்வதாகவும் செய்தி அனுப்பியிருக்கிறார். நூலில் அவர் பேயைக் கண்டாரா பொறியைக் கண்டாரா என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. வந்ததும் என்ன சமைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.